“கேட்டுட்டுத்தான் இருக்கேன், நீ சொல்லு”

மும்பைக்குப் பக்கத்தில், டோம்பிவ்லியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று இரண்டு இடத்தில் அடிக்கோடிட்டிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

“எனக்கு 44 வயது. ஃபோர்ட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. காலை எட்டேகால் வாக்கில் வரும் விடி ஃபாஸ்ட் லோக்கல் ரயிலில், லேடீஸ் டப்பாவில் (பெண்கள் பெட்டியில்), இருபது வருடமாகப் போய்வருகிறேன். அக்கா கல்யாண் ஸ்டேஷனில் ஏறி எனக்கு ஒரு சீட்டில் பையைப் போட்டு வைத்திருப்பார். கூடப் பிறந்த அக்கா இல்லை. 2005 ஜூலை 26 வெள்ளத்தன்று குர்லாவில் வண்டி நின்றுபோய், முன்பின் தெரியாத நாங்கள் இருவரும் இடுப்பளவுத் தண்ணீரில் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். அன்றைக்கு ஆரம்பித்தது. என் கல்யாணம், இரண்டு பிரசவம், அப்பா போனது, எதுவானாலும் அவரிடம்தான் முதலில் சொல்வேன்.

ஏழெட்டு வருடமாக அக்கா கையில் ஃபோன்தான். நான் பேசினால் ‘ம்... ம்...’ என்பார். நிறுத்தினால், ‘கேட்டுட்டுத்தான் இருக்கேன், நீ சொல்லு’ என்பார். கண் நிமிராது. முன்பெல்லாம் பார்சிக் சுரங்கத்துக்குள் வண்டி நுழைந்தால் டவர் போய்விடும். அந்த ஒரு நிமிடம் என்னைப் பார்த்துச் சிரிப்பார். இப்போது ஃபாஸ்ட் வண்டிகள் சுரங்கம் வழியாகப் போவதில்லை, அதுவும் போயிற்று. நானும் காய்கறி விலை, மழை, சீரியல் என்று மேம்போக்காகப் பேசப் பழகிவிட்டேன்.

போன மாதம் அம்மாவின் பயாப்ஸி ரிப்போர்ட் வந்தது. மார்பில் கட்டி. புற்றுநோய்தான். மறுநாள் காலை வண்டியில், ‘அக்கா, அம்மாவோட ரிப்போர்ட் வந்திருச்சுக்கா. அதேதானாம்’ என்றேன். அக்கா கட்டைவிரலால் ஃபோனைத் தள்ளிக்கொண்டே, ‘ஓ, சூப்பர் சூப்பர்’ என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. காட்கோபரில் இறங்கி வேறு டப்பாவில் ஏறிக்கொண்டேன். மூன்று வாரமாக அப்படித்தான் போகிறேன். ‘என்னாச்சும்மா, லீவா?’ என்று வாட்ஸ்அப்பில் கேட்டார். பதில் போடவில்லை. இருபது வருட நட்பை ஒரு ஃபோனுக்காக விடுவதா? மகளிடம் சொன்னால், ‘நீயும் வீட்ல அப்படித்தாம்மா இருக்கே’ என்கிறாள். அம்மாவுக்கு 14ஆம் தேதி பரேலில் ஆபரேஷன்.”

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரியைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். முதலில் அந்தக் காலை.

இரவெல்லாம் நெஞ்சுக்குள் போட்டு உருட்டியதை, சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லிவிடலாம் என்று எடுத்துக்கொண்டு போனீர்கள். ஒரு ‘சூப்பர்’ கிடைத்தது. கோபம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன். “இதுக்குப் போயா?” என்று யாராவது கேட்டால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஆனால் அந்தச் ‘சூப்பர்’ எங்கிருந்து விழுந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். நீங்கள் சொன்ன வாக்கியத்தில் நோயின் பெயர் இல்லை. மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒருத்தி பாதி உடம்பைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்க, தலைக்கு மேல் நாலு பேர் நிற்க, அந்தப் பெயரை யார்தான் உரக்கச் சொல்வார்கள்? ‘அதேதானாம்’ என்றீர்கள். நீங்கள் எதற்குப் பயந்துகொண்டிருந்தீர்கள் என்பதை மனதில் வைத்திருந்து முழுக்காது கொடுப்பவருக்குத்தான் அந்தச் சொல் புரியும். அரைக்காதுக்கு ‘வந்திருச்சு’ மட்டும் விழும். வந்திருச்சு என்றால் நல்ல செய்திதானே? பார்சல் வந்திருச்சு, ரிசல்ட் வந்திருச்சு, பிஎஃப் பணம் வந்திருச்சு. நாக்கு நுனியில் தயாராக இருந்த ஒரு சொல் தவறி விழுந்துவிட்டது. அக்கா உங்கள் அம்மாவின் நோய்க்கு அந்தப் பதிலைச் சொல்லவில்லை. நோய் அவர் காதுக்கே போகவில்லை. இதைச் சொல்வதால் வலி குறைந்துவிடாது, தெரியும். சொல்லாததைச் சொன்னதாக நினைத்து மூன்று வாரம் சுமந்துவிட்டீர்கள், அந்தப் பாரத்தை மட்டுமாவது இறக்கி வைக்கலாம்.

சின்ன வயதில் பாட்டியிடம் கதை கேட்டவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். ‘ஊம்’ கொட்ட வேண்டும். ஊம் நின்றால் கதையும் நின்றுவிடும். என் பாட்டி இன்னும் கறார். ஊம் ஒரே சுருதியில் வந்தால் தொடையில் ஒரு தட்டு விழும். ராட்சசன் கதவை உடைக்கும் இடத்திலும் ராஜகுமாரி சிரிக்கும் இடத்திலும் ஒரே ‘ஊம்’ வந்தால் பிள்ளை தூங்கிவிட்டது என்று அவளுக்குத் தெரியும்.

கனடாவில் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பவேலாஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் கிட்டத்தட்ட பாட்டியின் அந்தச் சோதனையைத்தான் ஆய்வுக்கூடத்தில் செய்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஸ்மார்ட்ஃபோன் வராத காலம். ஒருவர் தான் மயிரிழையில் தப்பித்த அனுபவம் ஒன்றைச் சொல்வார், எதிரில் இருப்பவர் கேட்பார். கேட்பவர்களில் சிலருக்குக் கூடவே இன்னொரு வேலை: ‘டி’ (T) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் சொற்கள் எத்தனை வருகின்றன என்று எண்ண வேண்டும். காது திறந்தே இருக்கும், கதை மட்டும் உள்ளே போகாது. அப்படி எண்ணியவர்களிடம் ‘ஐயோ’, ‘அப்புறம்?’, முகம் சுளிப்பது, மூச்சை உள்ளே இழுப்பது எல்லாம் வற்றிப்போயின. இது நாம் எதிர்பார்ப்பதுதான். எதிர்பாராதது ஒன்றும் நடந்தது. கதை சொன்னவர்களே கதையைக் கெடுத்துவிட்டார்கள். அதுவும் முடிவில், உயிர் தப்பிய அந்த இடத்தில். தடுமாறினார்கள், சொன்னதையே திரும்பச் சொன்னார்கள், வெட்டென்று முடித்தார்கள். தன் வாழ்க்கையில் நடந்ததை, தானே அனுபவித்ததை, எதிரில் இருப்பவர் முகம் கொடுக்காததால் ஒழுங்காகச் சொல்ல முடியாமல் போயிற்று.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது சுரங்கமோ சூப்பரோ அல்ல. ‘மேம்போக்காகப் பேசப் பழகிவிட்டேன்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்களே, அந்த வரிதான். அக்கா குனிந்திருந்தார், அதனால் நீங்கள் சுருக்கினீர்கள். சுருக்கியதால் நிமிர்ந்து கேட்கும்படி ஒன்றும் இல்லாமல் போயிற்று. தக்காளி கிலோ எண்பது என்பதைக் கேட்க யாருக்குக் கண் வேண்டும்? அவர் இன்னும் குனிந்தார். எங்கே தொடங்கியது என்று தேடிக்கொண்டே போனால் 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவை வாரி இறைத்த நாளில் போய் நிற்கலாம். நின்று என்ன ஆகப் போகிறது? ஏழெட்டு வருடத்தில் உங்கள் வாழ்க்கையில் நடந்ததில் எத்தனை அக்காவுக்குத் தெரியும் என்று ஒரு மாலை உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். தெரியாததில் பாதி அவர் கேட்காமல் விட்டது. மீதிப் பாதி நீங்கள் சொல்லாமலே விட்டது.

ஃபோனைப் பற்றி நேரடியாகவும் ஆய்வுகள் இருக்கின்றன. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் முன்பின் அறியாதவர்களை இரண்டிரண்டு பேராகப் பத்து நிமிடம் பேசவிட்டார்கள். பக்கத்து மேஜையில் சிலருக்கு ஒரு மொபைல் கிடக்கும், சிலருக்கு ஒரு நோட்டுப் புத்தகம். சாதாரணப் பேச்சுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மனதுக்கு முக்கியமானதைப் பேசச் சொன்னபோதுதான் மொபைல் கிடந்த இடத்தில் நெருக்கமும் நம்பிக்கையும் குறைந்தன. 2012இல் வெளியான இது உலகமெல்லாம் சுற்றியது. 2021இல் வேறு ஆய்வாளர்கள் அதையே திரும்பச் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை என்பது அவ்வளவாகச் சுற்றவில்லை. அதனால், மேஜையில் கவிழ்த்து வைத்த ஃபோனைப் பார்த்து யாரும் பதற வேண்டாம் என்பது என் கருத்து. கையில் எடுத்து ஓட்டிக்கொண்டிருப்பது வேறு கதை. வாஷிங்டன் பகுதியின் காபிக் கடைகளில் நூறு ஜோடிகளைத் தூரத்திலிருந்து கவனித்த ஆய்வில், ஃபோன் வெளியே வந்த பேச்சுகளில் ‘என் மனசு இவருக்குப் புரியுது’ என்ற உணர்வு குறைந்திருந்தது. நெருங்கிய நண்பர்களிடம் இன்னும் அதிகமாகவே குறைந்திருந்தது. அறிமுகமில்லாதவர் ஃபோனைப் பார்த்தால் நமக்கென்ன? நம்மவர் பார்த்தால்தானே சுருக்கென்கிறது.

சரி, அக்கா பக்கம் வருகிறேன். உங்கள் கடிதம் நான்கு பக்கம். மூன்று முறை படித்தேன். அக்கா அந்த ஃபோனில் என்ன பார்க்கிறார் என்று ஒரு வரி இல்லை. ஏழெட்டு வருடமாகத் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கிறீர்கள், திரை உங்கள் கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ரீல்ஸா, ஆபீஸ் மெயிலா, மகன் ஊரிலிருந்து அனுப்பும் செய்தியா, கடன் தவணையா? ஆலோசனைக்கு என்னிடம் வருகிறவர்களில் இப்படிப் புகார் சொல்லும் பலரும் இதைக் கவனித்திருப்பதில்லை. ‘எப்பப் பாரு ஃபோன்’ என்பார்கள். ஃபோனில் என்ன என்றால் விழிப்பார்கள்.

கல்யாணிலிருந்து வேலைக்கு வரும் ஐம்பது வயதுப் பெண்ணின் நாள் எப்படித் தொடங்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாலரைக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, மூன்று டிபன் கட்டி, ஆட்டோவுக்கு ஓடி, முட்டி மோதி ஏறினால்தான் அந்த ஒரு மணி நேரம் கிடைக்கும். யாரும் எதுவும் கேட்காத ஒரே ஒரு மணி நேரம். அதில் அவர் சும்மா கோலம் போடும் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாலும் எனக்கு அவர்மேல் கோபம் வராது. வண்டியில் இன்னொன்றும் இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது போல் அல்ல. கண்ணுக்குப் போக்கிடம் இல்லை. முன்பு ஜன்னல், பக்கத்துக்காரி கீரை ஆய்வது, தசராவுக்குக் கட்டிய தோரணம், நவராத்திரியில் அன்றைய நிறத்தில் யார் புடவை கட்டவில்லை என்று எண்ணுவது எனக் கண் எங்காவது மேயும். இப்போது எல்லாக் கண்களும் மேய ஒரே இடம்தான்.

நான் என்னவோ சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்பதுதான் என் தொழில். போன வருடம் மகன் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தான். செம்பூரில் என் அறையில் ஒரு பெண் கணவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் ஓர் அதிர்வு. ஒரு நொடி பார்வை போயிற்று: மளிகை வந்துவிட்டதாம். நிமிர்ந்தபோது அவர் பையை மடியில் எடுத்து வைத்திருந்தார். “மணி ஆயிடுச்சா மேடம்?” என்றார். இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அன்று சொல்ல வந்ததை அவர் சொன்னது நான்கு வாரம் கழித்து. வாட்ச் இப்போது வெளியறை டிராயரில் தூங்குகிறது.

இனி, என்ன செய்யலாம்.

முதலில் அந்த வாட்ஸ்அப்புக்குப் பதில் போடுங்கள். நோயைப் பற்றி அதில் எழுதாதீர்கள். எழுதினால் அதுவும் நாலு குட் மார்னிங்குக்கும் ஒரு மாம்பழ ஆஃபருக்கும் நடுவில் போய் விழும், அழுகிற பொம்மை ஒன்று பதிலாக வரும், நீங்கள் இன்னொரு மூன்று வாரம் டப்பா மாறுவீர்கள். “லீவு இல்லைக்கா. உங்ககிட்ட நேர்ல ஒண்ணு சொல்லணும். சனிக்கிழமை மாட்டுங்காவுல ஒரு காபி குடிக்கலாமா?” போதும். வண்டியில் வேண்டாம். மாட்டுங்கா ஹோட்டலில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போங்கள். வாசலில் ஆள் காத்திருக்கும் நேரத்தில் போனால் இட்லி இறங்குவதற்குள் பில் வந்துவிடும். எதிரெதிரே உட்காருங்கள்.

‘நீங்க எப்பப் பாத்தாலும் ஃபோன்லயே இருக்கீங்க’ என்று தொடங்காதீர்கள். ‘எப்பப் பாத்தாலும்’ என்று கேட்டதும் மனிதர்கள் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். நேற்று நான் பேசவில்லையா, அன்றைக்கு உன் மகளுக்கு ஃபீஸ் கட்ட யார் கொடுத்தது என்று பேச்சு வேறு பக்கம் போகும். அந்த ஒரு காலையை மட்டும் சொல்லுங்கள். “அன்னிக்கு வண்டியில, அம்மாவோட ரிப்போர்ட் வந்திருச்சுன்னு உங்ககிட்ட சொன்னேன்கா, அது கேன்சர். நீங்க சூப்பர்னீங்க.” சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் முகம் விழும், கண் கலங்கும். அப்போது உங்கள் வாய் தானாக ‘பரவாயில்லக்கா, விடுங்க’ என்று ஓடி வரும். நம் பெண்களுக்கு இது அனிச்சைச் செயல். எதிரில் இருப்பவர் வருத்தப்படுவதற்குக்கூட நேரம் கொடுக்க மாட்டோம். பரவாயில்லை என்றால் இத்தனை பெரிய கடிதம் எதற்கு? கொஞ்சம் பொறுங்கள். அவர் பேசட்டும்.

அதன் பிறகு, குற்றச்சாட்டாக இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேளுங்கள்: “ஃபோன்ல என்னக்கா பாப்பீங்க?” பதில் ஒன்றும் இல்லாததாகவும் இருக்கலாம். உங்களுடையதைவிடப் பெரிய பாரமாகவும் இருக்கலாம். வெட்கப்பட்டுக்கொண்டே ‘விட முடியலம்மா’ என்றும் சொல்லலாம். தூக்கம் கெட்டு, வேலை கெடும் அளவுக்கு என்றால், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. தமிழிலும் பேசலாம். அது உங்களுக்கும் இருக்கட்டும், வரும் மாதங்கள் லேசாக இருக்காது.

வண்டிக்கு ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஃபோன்களைச் சேர்த்துப் பைக்குள் பூட்டுவது, முதலில் தொட்டவர் காபிக்குக் காசு கொடுப்பது போன்ற விளையாட்டுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு வாரம் சிரிப்பாக இருக்கும், மூன்றாவது வாரம் மறந்துபோகும். உங்களுக்கு ஸ்டேஷன்கள் இருக்கின்றன. தாணே வரை அவரவர் ஃபோன், தாணே தாண்டினால் பேச்சு. நெரிசலில் மூச்சு வாங்கி உட்காரவும் நேரம் கிடைக்கும். பெரிய விஷயம் இருந்தால் முன்கூட்டியே ஒரு சொல்: “அக்கா, இன்னிக்கு ஒரு விஷயம் இருக்கு.” இத்தனை பழகியவர்களிடம் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்று தோன்றும். ஆமாம், சொல்லித்தான் ஆக வேண்டும். பக்கத்தில் குனிந்திருப்பவருக்கு நம் குரலின் நடுக்கம் கேட்காது. அப்புறம் நீங்களும் காய்கறி விலையை விட்டு வெளியே வாருங்கள். முழுக்கதையாகச் சொல்லுங்கள்.

மகள் சொன்னதற்கு நான் என்ன சொல்ல? அவள் சொன்னது சரிதான். பக்கத்தில் இருப்பவரை விட்டுவிட்டு ஃபோனைப் பார்க்கும் இந்த வழக்கத்துக்கு 2012இல் ஆஸ்திரேலியாவில் ஓர் அகராதியின் விளம்பரத்துக்காக ‘ஃபப்பிங்’ என்று பெயரே வைத்தார்கள். அதைப் பிறகு ஆராய்ந்த இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தினர், பிறருக்கு இதை அதிகம் செய்பவர்கள் பிறரிடம் இதை அதிகம் அனுபவிக்கவும் செய்கிறார்கள் என்று கண்டார்கள். காலையில் வாங்கியதை இரவில் மகளுக்குக் கொடுக்கிறீர்கள். இன்றிரவு அவள் கல்லூரிக் கதை சொன்னால், ஒரு தடவை ஊம் கொட்டிப் பாருங்கள். வேறு வேறு சுருதியில்.

மாட்டுங்காவிலும் அவர் குனிந்தே இருந்தால்? இருக்கலாம். அப்போதும் விடத்தான் வேண்டும் என்றில்லை. இந்த ஊரில் ட்ரெயின் ஃப்ரெண்ட் என்று ஓர் உறவு உண்டு. சீட் பிடித்து வைப்பார்கள், காய்ச்சல் என்றால் மாத்திரை தருவார்கள், வீட்டுக் கதை பேச மாட்டார்கள். அதுவும் நல்ல உறவுதான். அக்கா அந்த இடத்துக்கு நகரலாம், நீங்கள் மனதில் இருப்பதைச் சொல்ல வேறொருவரைத் தேடலாம். ஆனால் அந்த முடிவை அவர் முகத்தைப் பார்த்துப் பேசிய பிறகு எடுங்கள். இடுப்பளவுத் தண்ணீரில் கையைப் பிடித்து இழுத்து வந்தவருக்கு, ஒரு காபி நேரமாவது பாக்கி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

14ஆம் தேதிக்கு இன்னும் பதினோரு நாள். பரேலில் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே உங்கள் பக்கத்து நாற்காலியில் யார் உட்காரப் போகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அக்காவுக்கு இன்னும் விஷயமே தெரியாது.